ஞாயிற்றுக்கிழமையில் நான்கு கிலோமீட்டர்

வெஸ்டர்ஹூக், தோலன் தீவு
3 பிப்ரவரி 1981, செவ்வாய்

அன்புள்ள தங்கை நெல்லாவுக்கு,

நேற்று மாலை எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: மூப்பர் கொம்மர், மூப்பர் லேன்டர்ட், என் வீட்டுக்காரர் மரீனுஸ், மகள் தன்னெக்கே, நான். விட்டுவிட்டால் கோபித்துக்கொள்ளும், பூனையையும் சேர்த்துக்கொள். சபை மூப்பர்கள் வருஷத்துக்கு ஒரு முறை வீடு வீடாக வந்து, அவரவர் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது உனக்கு மறந்திருக்காது. அதே கறுப்புக் கோட்டு, அதே காப்பி, ஆளுக்கு ஒரே ஒரு பிஸ்கட்.

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் சுகம். இவருக்கு முழங்கால் வலி மட்டும் இருக்கிறது. நீயும் ஹூபெர்ட்டும் சுகமா? முப்பது வருஷமாகப் புத்தாண்டு அட்டையில் நீ ஒரு வரி, நான் ஒரு வரி எழுதிக்கொள்கிறோம். நாங்கள் சுகம், நீங்கள் சுகமா. இது அந்த வரி இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படி.

கொம்மர் கேட்டார்: "சகோதரி கிரினா, உங்க அப்பா காலமாகி மூணு மாசம் ஆச்சு. இப்ப உங்க மனசுல என்ன வாஞ்சை இருக்கு?"

பரலோகம் என்று சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். நான் சொன்னேன்: "சைக்கிள்ல ரைன் நதி அருவி வரைக்கும் போகணும் ஐயா. என் தங்கச்சியோட."

லேன்டர்ட்டின் பிஸ்கட் காப்பிக்குள் விழுந்தது.

"எந்தத் தங்கச்சி?"

"எனக்கு இருக்கிறதே ஒண்ணுதான்."

"கத்தோலிக்கனைக் கட்டிக்கிட்டுப் போனாளே, அவளா?"

"சைக்கிள் கடைக்காரரைக் கட்டிக்கிட்டுப் போனவ ஐயா. இந்தப் பயணத்துக்கு அது எவ்வளவு வசதின்னு பாருங்க."

தன்னெக்கே குறுக்கே புகுந்தாள். "அம்மா, உங்களுக்கு அம்பத்தேழு வயசு!"

"உங்க அப்பாவுக்கு அறுபது. அவரை நான் கூப்பிடலையே."

இவர் பூனையை மடியிலிருந்து இறக்கிவிட்டு, மறுபடி ஏற்றிக்கொண்டார்.

அப்பாவின் வீட்டை ஒழித்தபோது அந்தத் தகர டப்பா கிடைத்தது. மூடியில் ரைன் நதியின் ஷாஃப்ஹவுசன் அருவிப் படம் போட்டது. அப்பா அதில் ஆணிகளைப் போட்டு வைத்திருந்தார். உனக்குப் பதினொன்று, எனக்குப் பதினைந்து இருக்கும்போது அந்தப் படத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்போம்! நம் ஊர்த் தண்ணீர் ஏறும், விழாது. ஐம்பத்து மூன்றாம் வருஷ வெள்ளத்தில் அது மாடிப்படி வரை ஏறியதைப் பார்த்தேன். விழுகிற தண்ணீரை ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்று சொன்னவள் நீ. சைக்கிளில் போவோம் என்று சொன்னவள் நான்.

வருகிற ஜூலையில் போகலாமா? உன்னைக் கேட்பதற்கு முன்னால் மூப்பர்களிடம் சொல்லிவிட்டேன். இனிப் பின்வாங்கினால் தீவே சிரிக்கும்.

உன் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கும்,
அக்கா கிரினா


குல்பன், தென் லிம்பர்க்
2 மார்ச் 1981

கிரினா அவர்களுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் சுகத்தையே வேண்டுகிறோம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நாற்காலியில் உட்காரவில்லை. கடை வாசலில் நின்றுகொண்டே படித்தேன். அப்பா இறந்த செய்தியை அட்டையில் தெரிவித்ததற்கு நன்றி. அடக்கம் முடிந்து ஆறாம் நாள் அது வந்து சேர்ந்தது.

ஒரே ஒரு கேள்வி. உங்கள் சைக்கிளுக்கு எத்தனை கியர்?

இப்படிக்கு,
பீட்டர்னெல்லா


வெஸ்டர்ஹூக்
6 மார்ச் 1981

அன்புள்ள நெல்லா,

நாங்கள் சுகம். நீ சுகமாக இருப்பதாக எழுதியதற்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

"அவர்களுக்கு" என்று எழுதியிருக்கிறாய். ஆனால் வர விருப்பமில்லாதவள் கியரை எண்ணமாட்டாள். ஆகையால் பதில் சொல்கிறேன்.

கியர் இல்லை. முன்னால் மிதித்தால் போகும், பின்னால் மிதித்தால் நிற்கும். எனக்கு வேறு என்ன வேண்டும்?

நான் சும்மா ஆசைப்படுகிறேன் என்று நினைக்காதே. எனக்குக் கல்யாணமான வருஷம், "டயர் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேயுது?" என்று இவர் கேட்டார். அன்றிலிருந்து எங்கே போகிறேன், எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். ரொட்டிக் கடை, ஆலயம், மகள் வீடு, அப்பா வீடு. போன வாரம் உட்கார்ந்து முப்பத்திரண்டு வருஷத்தையும் கூட்டினேன். அறுபத்தெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்! பூமியைச் சுற்ற நாற்பதாயிரம் போதுமாம், பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார். ஒன்றே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒரு ராத்திரிகூட இன்னொரு கூரையின் கீழ் தூங்கியதில்லை. எல்லா வரியிலும் போன இடத்தின் பேர் இருக்கிறது. ஒரே ஒரு வரியில் மட்டும் இல்லை.

பயணத் திட்டம் தயார். தன்னெக்கே பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த நிலப்படத்தை விரித்து, உன் வீட்டிலிருந்து அருவி வரை சிவப்புக் கம்பளி நூலைப் பிடித்து அளந்தேன். நானூற்று ஐம்பது கிலோமீட்டர் வருகிறது. ஒரு நாளைக்குத் தொண்ணூறு மிதித்தால் ஐந்தே நாள். எதிர்க்காற்று அடித்தால் என்று ஒரு நாள் சேர்த்திருக்கிறேன். ஆச்சா? வழி நெடுகப் பழுப்பு நிறமாக இருக்கிறது. நல்ல உழுத நிலம் போலிருக்கிறது. பார்த்துக்கொண்டே போகலாம்.

ஹூபெர்ட்டை விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா,
கிரினா


குல்பன்
20 மார்ச் 1981

அக்கா,

பழுப்பு என்றால் மலை.

உன் கடிதத்தைக் கடையில் சத்தமாகப் படித்துவிட்டேன், மன்னித்துக்கொள். ஹூபெர்ட் சக்கரத்துக்குக் கம்பி கோத்துக்கொண்டிருந்தார். சிரித்த சிரிப்பில் கம்பியெல்லாம் தரையில் கொட்டிவிட்டது. "ஐஃபல் மலையையே உழுதுட்டாங்களா உங்க அக்கா? அந்த மாட்டை நான் பார்க்கணுமே!" என்கிறார். நான் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவரே கணக்கு வைத்திருப்பார்.

நாங்கள் சுகம். எனக்கு இடுப்புப் பிடிப்பு வந்து போயிற்று.

கேள். நூலை எரித்துவிடு. நேர் கோட்டில் போனால் இரண்டாம் நாள் உன்னை வண்டியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். முதலில் இங்கிருந்து பான் நகரம். அங்கே ரைன் நதியைப் பிடித்துக்கொண்டால் பிறகு விடவே கூடாது. கோப்லென்ஸ், மைன்ஸ், ஸ்ட்ராஸ்பூர்க், பாசல், அருவி. எழுநூறு கிலோமீட்டர் ஆகும், ஆனால் ஆறு ஏறுகிற அளவுதான் நாமும் ஏறுவோம். ஒரு நாளைக்கு ஐம்பது போதும். திரும்பி வர ரயில்.

இது எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு உள்ள கதை. எங்கள் வீட்டுக்கே ஒரு மேடு ஏற வேண்டும். அதற்காக இப்போதே பழகு. உங்கள் ஊரில் மேடு என்று இருப்பது கடல் அணை ஒன்றுதான். பையில் பதினைந்து கிலோ வைத்துக் கட்டிக்கொண்டு தினமும் இருபது முறை அதில் ஏறி இறங்கு.

ஹூபெர்ட் உனக்காக ஒரு சைக்கிள் கட்டுகிறார். பத்து கியர், கையால் பிடிக்கிற பிரேக். உன் கால் நீளத்தை அளந்து அனுப்பு. குதிகாலிலிருந்து அளக்க வேண்டும்.

அது போகட்டும், ஊர்ப் பேர் எழுதாத அந்த ஒரு வரி எது?

நெல்லா


வெஸ்டர்ஹூக்
30 மார்ச் 1981

அன்புள்ள நெல்லா,

"அக்கா" என்று தொடங்கியிருந்தாய். அந்தக் காகிதத்தை வேதப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன். நாங்கள் சுகம். உன் இடுப்புக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடு.

மலைகளைப் பற்றி ஐம்பது வருஷமாக ஆலயத்தில் பாடுகிறேன். ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை. பழுப்பு என்று எப்படித் தெரியும்?

கால் நீளம் எழுபத்தெட்டு சென்டிமீட்டர். இவர்தான் வெங்காயப் பாத்தி அளக்கிற நாடாவால் அளந்தார். "எழுபத்தெட்டு. ஒரு ஆட்டுக்குப் போதும்" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு இவர் அடித்த மூன்றாவது நகைச்சுவை.

அணையில் ஏறி இறங்குகிறேன். பையில் பதினைந்து கிலோ உருளைக்கிழங்கு. முதல் நாள் மூன்று முறை ஏறியதும் மூச்சு நின்று புல்லில் உட்கார்ந்துவிட்டேன். நேற்று முன்தினம் பதினான்கு. ஊரே வேடிக்கை பார்க்கிறது. பால்காரர் வண்டியை நிறுத்தி, "என்ன கிரினா அக்கா, அதே இடத்துல ஏறி ஏறி இறங்குறீங்க? எதையாவது தொலைச்சீங்களா?" என்றார். "ஆமாப்பா, ஒரு மலையைத் தொலைச்சிட்டேன். பார்த்தா சொல்லு" என்றேன்.

தன்னெக்கே பேசுவதில்லை. பேசினால், "அப்பாவுக்கு யார் சமைப்பா?" என்கிறாள். "அடுப்பு அதே இடத்துலதான் இருக்கும், நான் எடுத்துட்டுப் போகல" என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு வரியைப் பற்றி நேரில் சொல்கிறேன்.

தேதி பார்த்துவிட்டேன். சனிக்கிழமைக்குள் உன் வீட்டுக்கு வந்து சேர்வேன். ஜூலை 13 திங்கள் காலை கிளம்புவோம். பதினான்கு நாள் மிதிப்பது, இடையில் இரண்டு ஞாயிறு ஓய்வு, 28 செவ்வாயன்று அருவி. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குத் தவிர எங்கேயும் நான் சைக்கிள் மிதிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். ஓய்வுநாளுக்காக நான் பெரிய பெரிய காரியங்களை விட்டுக்கொடுத்திருக்கிறேன். மூப்பர்களோடு மல்லுக்கு நிற்கிறேன் என்பதால் அதிலும் கை வைப்பேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

திங்கட்கிழமை உனக்குச் சரிதானே? எழுது.

உன் அக்கா,
கிரினா


வெஸ்டர்ஹூக்
27 ஏப்ரல் 1981

அன்புள்ள நெல்லா,

நாங்கள் சுகம். உன்னிடமிருந்து நான்கு வாரமாக ஒன்றும் இல்லை. உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு அட்டை அனுப்பினேன். அதற்கும் இல்லை.

இடுப்புத் திரும்பப் பிடித்துக்கொண்டதா? நான் ஏதாவது எழுதிவிட்டேனா? என் கடிதத்தை நினைவிலிருந்து மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். ஆட்டுக்கால் கதையைத் தவிர அதில் ஒன்றும் இல்லையே.

அணையில் இருபது ஏறிவிட்டேன்.

கிரினா


குல்பன்
4 மே 1981

மரியாதைக்குரிய கிரினா அக்கா,

வணக்கம். நான் ஹூபெர்ட். நம்முடைய முதல் கடிதம் இது. என் கையெழுத்தில் கிரீஸ் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெல்லாவுக்கு உடம்பு சுகம். இடுப்பும் சுகம். உங்களுக்கு நான்கு பதில் எழுதினாள், நான்கையும் கிழித்தாள். நான் எழுதுவது அவளுக்குத் தெரியும். "எழுதுங்க, ஆனா நான் அழுதேன்னு மட்டும் எழுதாதீங்க" என்றாள். ஆகையால் எழுதவில்லை.

அக்கா, எங்கள் கல்யாணம் 1951 செப்டம்பர் 15, சனிக்கிழமை, காலை பதினொரு மணிப் பூசை. உங்கள் அப்பா வரமாட்டார் என்பது தெரிந்ததே. நீங்கள் வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். "அக்கா சொன்னா வந்திடுவா" என்று அவள் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். மாஸ்ட்ரிக்ட்டிலிருந்து வருகிற பஸ் மூன்றையும் கல்யாண உடுப்போடு நின்று பார்த்தாள். சாமியார் இருபது நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு மணி அடிக்கச் சொன்னார்.

எங்கள் ஊரில் விசேஷம் என்றால் ஃப்ளாய் சுடுவார்கள், வண்டிச் சக்கரம் போல அகலமாக, மேலே பழம் பரப்பி. உங்களுக்கென்று முழு செர்ரி ஃப்ளாய் ஒன்றை எடுத்து அலமாரியில் வைத்தாள். அடுத்த பஸ்ஸில் வருவாள், நாளைக்கு வருவாள் என்று யாரையும் தொடவிடவில்லை. எட்டாம் நாள் நான்தான் கோழிகளுக்குப் போட்டேன்.

பிறகு உங்கள் புத்தாண்டு அட்டை வந்தது. நாங்கள் சுகம்.

இப்போது ஓய்வுநாளுக்காகப் பெரிய காரியங்களை விட்டுக்கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனவள் சாயங்காலம்தான் வந்தாள். "அந்தப் பெரிய காரியம் நான்தானா?" என்று கேட்டாள்.

சைக்கிள் தயார். நீல நிறம் அடித்திருக்கிறேன். ஆனால் நெல்லாவுக்குக் கவலை மலை பற்றி இல்லை. நீங்கள் பாதி வழியில் திரும்பிவிடுவீர்களோ என்பதுதான்.

ஹூபெர்ட்


வெஸ்டர்ஹூக்
7 மே 1981

அன்புள்ள நெல்லா,

நான் சுகம் என்று எழுதினால் பொய்யாகும். மற்றவர்கள் சுகம்.

ஊர்ப் பேர் எழுதாத வரியை உனக்குச் சொல்கிறேன். நோட்டைப் பார்த்தே எழுதுகிறேன். 15 செப்டம்பர் 1951. இருபத்தெட்டு கிலோமீட்டர்.

விடியற்காலை நான்கரைக்குக் கிளம்பினேன். கைக்குழந்தை தன்னெக்கேயை மாமியாரிடம் விட்டேன். சைக்கிளின் பின்னால் உனக்காகத் தைத்த ஆறு தலையணை உறை. அப்பாவிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன். "போறதுன்னா போ" என்றார், தடுக்கவில்லை. அப்பா தடுத்தார் என்றுதான் இத்தனை வருஷமாக நீ நினைத்திருப்பாய். நானும் நீ அப்படி நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

பெர்கன் ரயில் நிலையம் வீட்டிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். சீட்டுக் கொடுப்பவரிடம், ராத்திரி திரும்பி வர ரயில் எப்போது என்று கேட்டேன். ஒன்பது மணிக்கு இருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். "ராத்திரிக்கு ஒரே ரயில்தான், பதினொண்ணு இருபதுக்குத்தான் இங்க வந்து சேரும்மா" என்றார். சுவரோரமாக நின்று கணக்குப் போட்டேன். பதினொன்று இருபதிலிருந்து பன்னிரண்டு வரை நாற்பது நிமிஷம். இருட்டில் பத்து கிலோமீட்டர் மிதிக்கலாம். மீதி நான்கு கிலோமீட்டர். அதற்குள் ஞாயிறு பிறந்துவிடும்.

அந்த நான்கு கிலோமீட்டருக்காகத் திரும்பிவிட்டேன், நெல்லா.

யாரும் என்னைத் தடுக்கவில்லை. நானே கணக்குப் போட்டு நானே திரும்பினேன். வீட்டுக்கு வந்ததும் இவர், "என்ன, ரயில் போயிடுச்சா?" என்றார். "ஆமா" என்றேன். அன்று ஓய்வுநாளைக் காப்பாற்றினேன் என்று பெருமையாகக்கூட இருந்தது. நோட்டில் எழுத உட்கார்ந்தபோதுதான் இடத்தின் பேர் எழுதக் கை வரவில்லை. போகாத ஊருக்கு எப்படிப் பேர் எழுதுவது?

தலையணை உறை ஆறும் அலமாரியில் இருக்கிறது.

திங்கட்கிழமைக்குக் காத்திருக்கிறேன்.

கிரினா


குல்பன்
10 ஜூன் 1981

அக்கா,

நாங்கள் சுகம்.

உன் கடிதத்தை ஒரு மாதம் வைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்டு இன்னொன்று எழுதாதே. எனக்கு அது வேண்டாம்.

ஜூலை 12, ஞாயிறு, காலை எட்டு மணி. அப்போது என் சைக்கிள் வாசலில் நிற்கும். உன்னுடைய நீலச் சைக்கிளும் நிற்கும். எட்டு அடித்ததும் கிளம்பிவிடுவேன். நீ வந்தால் இரண்டு பேர், வராவிட்டால் ஒருத்தி. திங்கட்கிழமை என்றால் நான் இல்லை.

ஹூபெர்ட் இது கொடுமை என்கிறார். இருக்கட்டும்.

மழைக்கு மேலங்கி எடுத்துக்கொள். குடை வேண்டாம்.

நெல்லா


பெர்கன் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பெஞ்சு
8 ஜூலை 1981, புதன், காலை ஏழேகால் மணி

அன்புள்ள தங்கை நெல்லா,

நான் சுகம். இரண்டு முழங்காலும் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன்.

நான்கு வாரம் உனக்குப் பதில் போடவில்லை. நீ என்னைக் காக்கவைத்ததற்குப் பழிவாங்கவில்லை. முதல் வாரம் கோபம். என்ன திமிர் இவளுக்கு, வாரத்தில் ஏழு நாள் இருக்க இந்த நாளைத்தானா பிடிக்க வேண்டும் என்று அணையில் ஏறும்போதெல்லாம் உன்னைத் திட்டினேன். கோபத்தில் ஏறினால் இருபத்தாறு வருகிறது, தெரிந்துகொள். இரண்டாம் வாரம் ஜெபம் பண்ணினேன். கர்த்தரும் உன்னைப் போலத்தான், பதில் போட நாளாகிறது.

மூன்றாம் வாரம் நானே மூப்பர் கொம்மர் வீட்டுக்குப் போனேன். மற்றவர் வாயால் கேள்விப்படுவதைவிட என் வாயால் கேட்கட்டும் என்று.

"ஐயா, ஓய்வுநாள்ல எருது கிணத்துல விழுந்தா தூக்கலாமா?"

"தூக்கலாம். ஆண்டவரே சொல்லியிருக்கார்."

"தங்கச்சி விழுந்தா?"

"எருது தவறி விழுந்தது, சகோதரி. உங்க தங்கச்சி தானா குதிச்சா."

"அவ விழவே இல்ல ஐயா. அவ மேட்டுல நல்லா இருக்கா. முப்பது வருஷமா கிணத்துல கெடக்கிறது நானு. அவ கயிறு போட்டிருக்கா. ஞாயிற்றுக்கிழமையாச்சே, திங்கட்கிழமை போடுன்னு கீழ கெடக்கிறவ சொல்ல முடியுமா?"

கொம்மர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனுஷர் இல்லை. "செப்டம்பர் மாசத் திருவிருந்துல உங்களை உட்கார வேண்டாம்னு சொல்ல வேண்டியிருக்கும்" என்றார்.

"சொல்லுங்க ஐயா, அது உங்க கடமை. ஆனா நான் எங்கேயும் போயிட மாட்டேன். எப்பவும் உட்கார்ற பெஞ்சிலதான் உட்காருவேன். அப்பத் தட்டு என்னைத் தாண்டிப் போறதை சபை மொத்தமும் பார்க்கட்டும். நானும் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

எழுந்து வரும்போது அடுப்படியிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "கிரினா, அருவி கிட்ட ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க." கொம்மர் திரும்பிக் கதவைப் பார்த்தார். கதவு சாத்திக்கொண்டது.

ஆண்டவரின் பந்தியில் அந்தத் தட்டு என்னைத் தாண்டிப் போவது எனக்குச் சின்ன விஷயம் இல்லை, நெல்லா. அதை நீ தெரிந்துகொண்டு என்னைக் கூப்பிட்டாயா, தெரியாமல் கூப்பிட்டாயா என்று நான் கேட்கப்போவதில்லை. வருகிறேன்.

ஆனால் எனக்கும் ஒரு நிபந்தனை உண்டு. நீ மட்டும்தான் போடலாமா? ஞாயிறு காலை பத்து மணிக்கு நாம் எங்கே இருந்தாலும், மேட்டின் நடுவில் இருந்தாலும் சரி, நான் சைக்கிளை நிறுத்தி, புல்லில் உட்கார்ந்து வேதத்திலுள்ள சங்கீதம் ஒன்றை முழுசாகப் பாடுவேன். நீ பூசைக்குப் போகிறவளாக இருக்கலாம். அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பாய். கூடப் பாடினாலும் குற்றமில்லை, உனக்கு ராகம் மறந்திருக்காது.

இன்று விடியற்காலை கிளம்பும்போது தன்னெக்கே வந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள், ஆனால் சாலட் வைத்த ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு வந்தாள். இவர் எனக்கு முன்பே எழுந்து இரண்டு டயருக்கும் காற்றடித்து வைத்திருந்தார். "டயர் தேஞ்சு போகும்" என்றேன். சக்கரத்தைக் கையால் ஒரு முறை சுற்றிவிட்டார். பிறகு, "தேயட்டும்" என்றார்.

பதினான்கு கிலோமீட்டர் மிதித்து இங்கே வந்திருக்கிறேன். நிலையத்துக்கு வர்ணம் மாற்றிவிட்டார்கள். சீட்டுக் கொடுக்கிற சன்னலை மட்டும் மாற்றவில்லை. நான் நின்று கணக்குப் போட்ட சுவரில் இப்போது சைக்கிள் நிறுத்தியிருக்கிறார்கள். தலையணை உறை ஆறும் என் பையில் இருக்கின்றன, உருளைக்கிழங்கைவிட லேசு. ரயிலில் ஏறப்போவதில்லை. இன்று தில்பர்க், நாளை ஐந்தோவன், வெள்ளிக்கிழமை மத்தியானம் வெர்ட், சனிக்கிழமை மாலை உங்கள் மேட்டின் அடியில் ஒரு சத்திரம். ராத்திரி உங்கள் வீட்டுக்கு ஏறி வரமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலைதான் வருவேன்.

ஏன் தெரியுமா? உங்கள் வீட்டு மேடு அடியிலிருந்து எத்தனை தூரம் என்று ஹூபெர்ட் மாப்பிள்ளையிடம் தொலைபேசியில் கேட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றேன், சொல்லியிருக்கமாட்டார். நான்கு கிலோமீட்டராம்.

அந்த நான்கை முதலில் மிதித்துவிடுகிறேன். மற்ற எழுநூறு அப்புறம்.

எட்டு மணிக்குக் கிளம்பும் முன்பு எனக்குப் பசிக்கும். செர்ரி ஃப்ளாய் இருக்குமா? வெர்ட் தபால் நிலையத்தில் என் பேருக்குக் கடிதம் இருக்கிறதா என்று வெள்ளிக்கிழமை கேட்பேன். பதிலை உடனே போடு.

உன் அக்கா,
கிரினா